தப்பால் பையும் துரை வளர்த்த ஆண் சிலந்திகளும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பதினைந்து வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். இரண்டு தடவை எழுத உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, சுழியோடு தாளை மடித்து வைத்துவிட்டேன். பதுளையில் என்னைத் தெரிந்தவர்கள் கோயில் காரியத்தில் முன்னால் நிற்கிறவன் என்றுதான் அறிவார்கள். ஆடி மாதம் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற கூட்டத்தில் நானும் வருஷந்தோறும் போகிறவன். அப்படிப்பட்டவன் முருகன் அருளைப் பற்றி எழுதாமல் எட்டுக்கால் பூச்சியைப் பற்றி எழுதினால் என்ன நினைப்பார்கள்? அது ஒரு தயக்கம். இன்னொன்று, இந்தக் கதைக்குள் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. என் வீட்டுக்காரியிடம் கேட்டதற்கு, "எழுதுறதுன்னா அதையும் சேர்த்து எழுதுங்க. இல்லாட்டி பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டாள். பேசாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்போது நான் தப்பால்காரன். காலையில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூட்டிய தோல் பையை வாங்கிக்கொண்டு பசறைத் தபால் கந்தோருக்குப் போக வேண்டும். அங்கே வந்திருக்கிற கடிதங்களைப் பையில் போட்டுப் பூட்டித் தருவார்கள். சாயங்காலம் துரை தேத்தண்ணி குடிக்கிறதற்குள் பை பங்களாவில் இருக்க வேண்டும். பசறையிலிருந்து வருகிற வண்டி ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து, ஏறுவதே தெரியாமல் வரும். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஓடைப் பாலத்தடியில் வண்டி ரோட்டை விட்டு விலகி, தேயிலைக்குள் செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதைதான் எனக்கு எமன்.

நான் பருத்த உடம்புக்காரன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். குறைவாகச் சாப்பிட்டாலும் நிறைவாகத் தெரிகிற உடம்பு. அந்த ஏற்றத்தில் ஏழு இடத்தில் நிற்பேன். ஏழாவது இடம் பங்களா விறாந்தையிலிருந்து நன்றாகத் தெரியும். அங்கே மட்டும் நிற்காமல் போய்விட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் நிற்பேன்.

ஆனாலும் அந்தப் பை எனக்குப் பெரிது. அது இல்லையென்றால் விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கத்தியோடு கவ்வாத்து மலைக்குப் போக வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து தேயிலை வெட்டுகிற வேலை அது. நான் ஒருதடவை குனிந்தால் நிமிர்வதற்கு இரண்டு பேர் வேண்டும். அத்தோடு, கடிதம் கொண்டு வருகிறவன் என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சனம் என் முகம் பார்த்திருக்கும். ஊரிலிருந்து நல்ல சேதி வந்தால் எனக்கும் ஒரு வாய் சீனி கிடைக்கும்.

எங்கள் துரைக்குப் பூச்சிப் பைத்தியம். விறாந்தை முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒருநாள் நான் பையைக் கொடுக்கும்போது படியில் ஒரு சிலந்தி கிடந்தது. மிதிபட்டுவிடும் என்று ஓர் இலையில் ஏற்றிச் செடிமேல் விட்டேன். துரை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தமிழ் கங்காணிமாரிடம் படித்த தமிழ்.

"ஏய் தப்பால், உனக்குப் பயம் இல்லே?"

"இல்லீங்க தொரை. எங்க ஊர்ப் பக்கத்துக் கோயில்ல செலந்தி சாமி கும்பிட்டு மோட்சம் போயிருக்குங்க. நாங்க அதைக் கொல்ல மாட்டோங்க."

"மோட்சம் அப்புறம் போகட்டும். நாளைக்கு ஆம்பிளை செலந்தி பிடிச்சிட்டு வா."

பங்களாவைச் சுற்றி சவுக்கு மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய வலைகள் கட்டியிருக்கும். வெயில் பட்டால் நூல் மஞ்சளாக மின்னும். அந்த வலைகளின் நடுவில், கறுப்பில் மஞ்சள் கோடு போட்டு, விரல் நீளக் கால்களை விரித்துக்கொண்டு, பெரட்டுக்களத்தில் நிற்கிற பெரிய கங்காணி மாதிரி ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கும். அந்த உட்காருகிற அதிகாரத்தைப் பார்த்தால் ஆண்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறு பிஸ்கட் டின்னில் ஆறு பிடித்தேன். ஒவ்வொரு வலையிலும் ஓரத்தில் செக்கச் செவேலென்று இரண்டு மூன்று பொடிசுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைகளாக்கும், பாவம், பிழைத்துப் போகட்டும் என்று வாயால் ஊதிவிட்டுவிட்டேன்.

துரை முதல் டின்னைத் திறந்தார். மூடினார். இரண்டாவதைத் திறந்தார். ஆறையும் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் சமையல்கார அப்பு குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டான்.

"எல்லாம் பொம்பிளை! ஆறும் பொம்பிளை!"

என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு வலையைக் காட்டினார். நடுவில் அந்தப் பெரியது. மேல் ஓரத்தில் எள்ளு மாதிரி ஒன்று, உளுந்து மாதிரி ஒன்று, பயறு மாதிரி ஒன்று.

"இதுதான் புருஷன். இதுவும் புருஷன். அதுவும் புருஷன்."

"மூணு பேருங்களா தொரை?" என்று கேட்டுவிட்டு, சிவசிவா என்று காதைப் பொத்திக்கொண்டேன். நான் ஊதிவிட்டது எல்லாம் வீட்டுக்காரர்களை!

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவியும், அவள் தம்பியும் இருந்தார்கள். என் மைத்துனன் கவ்வாத்துக்காரன். ஒடிசலான உடம்பு, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவான், வாய் மட்டும் உடம்பைவிடப் பெரிது. என் மனைவி, "அம்மாம் பெரிய பொம்பளைக்கு இத்தினூண்டு புருஷன்னா, சோறு எவ்வளவு மிச்சம்!" என்றாள்.

"ஏன்க்கா, செலந்தியாப் பொறந்திருந்தா மச்சானுக்குப் பொண்ணே கெடைச்சிருக்காது" என்றான் அவன்.

"போடா, மொதல்ல ஒனக்கு ஒண்ணு கெடைக்கட்டும்" என்றேன்.

அதன் பிறகு சாயங்காலம் பையைக் கொடுத்ததும் எனக்கு விறாந்தையில் வேலை. ஒரு பூந்தொட்டியில் மூங்கில் கம்பு ஒன்றை நிமிர்த்தி நட்டு, கத்தியால் கோடு கோடாகக் குறி வெட்டியிருந்தார் துரை. ஆண் சிலந்தியை உள்ளங்கையில் வைத்துக் கம்பின் அடியில் விடுவேன். அது மேலே ஓடும். துரை சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்ப்பார். உச்சிக்கு வந்ததும் "வந்துட்டுதுங்க!" என்று நான் கூவ வேண்டும். துரை புத்தகத்தில் எழுதுவார்.

"பொண்டாட்டி மேலே உட்கார்ந்திருக்கு. புருஷன் கீழேயிருந்து ஏறிப் போகணும். யார் சீக்கிரம் போவான்?" என்று விளக்கம் சொன்னார்.

எள்ளு மாதிரி இருந்தவை விட்டதும் தெரியாது, போனதும் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் உச்சியில் நிற்கும். உளுந்து கொஞ்சம் தாமதம். பயறு அளவில் இருந்தவை பாதிக் கம்பில் நின்றுவிடும். காலை மடக்கிக்கொண்டு, மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு நிற்பு. பிறகு ஏறும். பிறகு நிற்கும். இப்படி ஒரு வாரம் போயிற்று. ஒருநாள் ஒரு பயறு பாதியில் நின்றபோது துரை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

"தப்பால், நீ என்ன நிறை?"

"தெரியலீங்க தொரை" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில், அத்தனை கொழுந்துக்காரப் பெண்களுக்கும் முன்னால், கூடை மாட்டுகிற தராசில் என்னை ஒரு சாக்கில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். அன்று மழை பெய்திருந்தது. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும் என்று நிறையில் கொஞ்சம் கழித்துப் போடுவது தோட்டத்து வழக்கம். அந்தக் கழிவுக்காகத் தினமும் சண்டை போடுகிற பெண்கள் அன்றைக்கு ஒரே குரலாகக் கூச்சல் போட்டார்கள்.

"ஐயா, அண்ணன் நனைஞ்சிருக்காரு! ஈரத்துக்குக் கழிங்க!"

"முத்தின எலையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு நிறுங்க, பாதிதான் தேறும்!"

அடுத்து என் மைத்துனனைத் தூக்கினார்கள். அவனும் அவனோடு ஒரு கூடைக் கொழுந்தும் சேர்ந்தால்தான் நான். துரை புத்தகத்தை மூடிவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"சின்ன ஆள் ஏத்தம் சீக்கிரம் ஏறுவான். செலந்தி சொல்லுது. முதல் தேதி வரைக்கும் இன்னும் பார்க்கிறேன். அப்பவும் செலந்தி இப்படியே சொன்னா, தப்பால் பை அவனுக்கு. நீ கவ்வாத்துக்குப் போ."

முதல் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

வீட்டில் என் மனைவி இரண்டு பக்கமும் பேச முடியாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். என் மைத்துனனுக்கும் சங்கடம்தான். ஆனால் அவன் வாய் சும்மா இருக்காதே.

"நானா மச்சான் கேட்டேன்? செலந்தியில்ல கேட்டுச்சு."

"ஒன் வாயை அந்தத் தராசுல தனியா நிறுத்திருக்கணும் மாப்புளே" என்றேன்.

முருகனை வேண்டிக்கொண்டு அன்றிலிருந்து விரதம் தொடங்கினேன். ஒருவேளை பால், ஒருவேளை வாழைப்பழம். அருளும் கிடைக்கும், உடம்பும் இளைக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் ஏற்றத்தில் ஏழு இடத்துக்குப் பதிலாகப் பதினொரு இடத்தில் நின்றேன். நாலாம் நாள் என் மனைவி சோற்றுத் தட்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. முருகன் ஒங்க தொப்பையக் கேக்கல."

சாப்பிட்டேன். ஆனால் பயம் போகவில்லை. இனிமேல் எழுதுவதுதான் இத்தனை வருஷம் எழுத வராதது.

ஓடைப் பாலத்தடியில் ஒரு மரத்துக்குக் கீழே பிள்ளையார் இருந்தார். காலையில் பையோடு இறங்கி வரும்போது அவருக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டுத்தான் போவேன். அதற்காக மடியில் ஒரு சின்னக் குப்பியில் நல்லெண்ணெய் வைத்திருப்பேன். விரதம் முறிந்த மறுநாள் சாயங்காலம், துரை உள்ளே கடிகாரம் எடுக்கப் போயிருந்தபோது, அந்தக் குப்பியைத் திறந்து மூங்கில் கம்பு முழுக்கத் தடவிவிட்டேன். சின்னது ஏறாவிட்டால் என் வேலை பிழைக்கும் என்று நினைத்தேன். பெரியதும் அதே கம்பில்தான் ஏற வேண்டும் என்பது தடவி முடித்த பிறகுதான் புத்திக்கு எட்டியது.

எள்ளு இரண்டு அடி வைத்து ஒட்டிக்கொண்டது. உளுந்து சுற்றிச் சுற்றி வந்து இறங்கிவிட்டது. பயறு கொஞ்சம் ஏறி, வழுக்கி, துரையின் விரித்த புத்தகத்தின் மேல் மல்லாக்க விழுந்தது. துரை ஆச்சரியப்பட்டார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மழை வந்தா ஆம்பிளை செலந்தி ஏறாது! இது புதுசு. யாருக்கும் தெரியாது. சரியா தப்பால்?"

"சரிங்க தொரை" என்றேன்.

"இன்னைக்கே எழுதுறேன். லண்டன்லே பெரிய ஆளுங்க இருக்காங்க. படிப்பாங்க."

மறுநாள் காலையில் அந்தக் கடிதம் பையில் இருந்தது. துரை தன் கையால் வைத்துப் பூட்டி, "பத்திரம்" என்று சொல்லித் தந்தார். நான் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாலத்தடியில் பிள்ளையாருக்கு முன்னால் உட்கார்ந்து, குப்பியைத் திறந்து அகலில் எண்ணெயை ஊற்றினேன். தீக்குச்சியை எடுத்தேன். உரசக் கை வரவில்லை. எந்த எண்ணெயைச் சாமிக்கு ஊற்றுகிறேனோ அதே எண்ணெயில் செய்த பொய், என் தோளிலேயே தொங்குகிறது; அதை நானே சுமந்துபோய்க் கடல் கடந்து அனுப்பப் போகிறேன். படித்த மனிதர்கள் அதை நம்பப் போகிறார்கள். எனக்கு எழுத்தும் படிப்பும் கொஞ்சம்தான். எழுதினது உண்மையாக இருக்கும் என்று நம்புகிற ஆள் நான். மனம் தாங்கவில்லை.

தப்பால்காரன் பாதி வழியில் பையோடு திரும்புவது என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். தெரிந்தே திரும்பினேன். அந்த ஏற்றத்தை அன்றைக்கு எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

துரை முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏன் திரும்பி வந்தே?" என்று எழுந்துவிட்டார்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "தொரை, மழைக்கு ஏறாம இல்லீங்க. நான் எண்ணெய் தடவிட்டேங்க. பை போயிருமேங்கிற பயத்துல செஞ்சிட்டேங்க. அந்தக் கடுதாசிய அனுப்பாதீங்க. பைய இப்பவே எடுத்துக்குங்க."

துரையின் முகம் சிவந்து அந்த ஆண் சிலந்திகளின் நிறத்துக்கு வந்துவிட்டது. பையைத் திறந்தார், கடிதத்தை எடுத்தார், நாலாகக் கிழித்தார். தொட்டியிலிருந்து கம்பைப் பிடுங்கி என் காலடியில் தரையில் வைத்தார்.

"துடை."

அப்புவிடம் சாம்பல் வாங்கிக் கம்பைப் படுக்க வைத்தபடியே தேய்த்துத் துடைத்தேன். குனிந்தபடியே கம்பின் மறுமுனைக்கு நகர்ந்தேன். முழங்கால் பட்டுப் பக்கத்தில் இருந்த டின் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து ஒரு எள்ளும் ஒரு பயறும் வெளியே வந்து, விறாந்தைத் தரையில் சுவரை நோக்கி ஓடத் தொடங்கின. போச்சு, இதுவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தப்பால்! அசையாதே!"

கண்ணைத் திறந்து பார்த்தால் துரை மண்டியிட்டுத் தரையோடு தரையாகக் கிடக்கிறார். பயறு நீளக் கால்களை எட்டிப் போட்டு, குதிரை மாதிரிச் சுவர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. எள்ளு பாதி விறாந்தையில் பொடிநடை நடந்துகொண்டிருக்கிறது.

"திரும்ப விடு!"

திரும்ப விட்டேன். மறுபடியும் பயறுதான் முந்தியது. வேறு பயறு, வேறு எள்ளு விட்டோம். அப்படியேதான். கம்பை நன்றாகக் கழுவிக் காயவைத்து நிமிர்த்தி வைத்தால் எள்ளு முந்தியது. படுக்க வைத்தால் பயறு முந்தியது. மத்தியானம் வரை இதே வேலை. அப்பு மூன்று தடவை தேத்தண்ணி கொண்டு வந்தான், மூன்றும் ஆறியது. அன்றைக்குப் பசறைக்குத் தப்பால் போகவே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

கடைசியில் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, புத்தகத்தை எடுத்தார்.

"பொய் சொன்னே. அப்புறம் நீயே வந்து சொன்னே. ரெண்டையும் எழுதுறேன்."

எழுதினார். நான் நின்றேன். கவ்வாத்துக் கத்தி என் கண்முன்னே ஆடியது.

"ஏத்தத்துக்கு சின்ன ஆள். ரோட்டுக்கு பெரிய ஆள். நீ பசறைக்குப் போய்ப் பாலம் வரைக்கும் பையைக் கொண்டு வா. உன் மச்சான் பாலத்திலேயிருந்து மேலே கொண்டு வரட்டும். செலந்தி சொன்னது இதுதான்."

நான் துரை காலில் விழப் போனேன். "வேணாம், அங்கே செலந்தி இருக்கு" என்று தடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இலையில் சோறு போட்டாள். "இனிமே ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு தப்பால்காரன். ஒழுங்கா இருங்க" என்றாள்.

"சம்மதங்க்கா. வேகமெல்லாம் நான், எடையெல்லாம் மச்சான்" என்றான் அவன்.

துரை கணக்குப்படி தப்பால் இனி வெகு சீக்கிரம் வந்து சேர வேண்டும். நான் வண்டி ரோட்டில் முன்னைவிட வேகமாகத்தான் வந்தேன், மேலே ஏற்றம் இல்லை என்ற தெம்பில். அவனும் ஏற்றத்தை ஒரே மூச்சில்தான் ஏறினான். ஆனால் பை முன்பு வந்த நேரத்துக்கேதான் பங்களாவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத் துரை எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"நீ வேகம். அவன் வேகம். தப்பால் மட்டும் ஏன் லேட்?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை. "பாலத்துல நாங்க ரெண்டு பேரும் சந்திச்சா கொஞ்சம் வெத்தல போட்டுப் பேசுவோங்க தொரை. சொந்தக்காரங்க, பேசாம இருக்க முடியாதுங்க" என்றேன்.

துரை பேனாவை எடுத்தார். எழுதாமல் திரும்ப வைத்துவிட்டார். "செலந்தி பேசாது" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பை என் தோளை விட்டு இறங்குகிற வரையில் பன்னிரண்டு வருஷம் அப்படியே நடந்தது. முருகன் கிருபையால் ஒருநாளும் கவ்வாத்துக் கத்தியைத் தொடவில்லை. ஒரு கடிதமும் தொலைந்ததில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கதை இப்போதே மடுல்சீமையிலும் தெமோதரையிலும் பலவிதமாக நடமாடுகிறது. ஒருவர் சிலந்தியை நண்டு அளவாக்கிவிட்டார். இன்னொருவர் நான் ஏற்றத்தில் மைத்துனனை ஓடி ஜெயித்தேன் என்கிறார். அவர்கள் என்மேல் உள்ள அன்பினால் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் உங்களில் யாராவது பிறருக்குச் சொல்வதானால் இங்கே எழுதியபடியே சொல்லுங்கள். ஏற்றத்தில் சின்னதுதான் முந்தியது. எண்ணெய் தடவியது நான்தான். அந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.